தொழில் நடக்கும் வீடும் அதன் ஆண்டுக் காவலும்

வீடு என்பது உண்டு உறங்கி இளைப்பாறும் இடம் மாத்திரம் என்று எண்ணக்கூடியவர்கள், காலையில் வெளியே சென்று மாலையில் திரும்பும் உத்தியோகஸ்தர்களே ஆவர். நெசவாளருக்கும் உழவருக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை. நெசவாளர் வீட்டில் கூடத்தின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்கிறது. பாவு நீண்டு கிடக்கும் பக்கத்திலேயே தொட்டில் தொங்குகிறது. தார் சுற்றும் பாட்டியின் மடியிலேயே பேரக்குழந்தை உறங்குகிறது. உழவர் வீட்டிலோ திண்ணையில் உரமூட்டை, தாழ்வாரத்தில் கைத்தெளிப்பான், பரணில் விதைநெல், அதற்கருகிலேயே பூச்சிமருந்துப் புட்டி. தொழிற்சாலையில் அபாயம் இருந்தால் அதைக் கண்டு சொல்ல அரசாங்கத்தின் ஆய்வாளர் ஒருவர் வருவார். வீட்டிற்கு யாரும் வருவதில்லை. கூட்டுறவு ஆய்வாளராகிய நாம் சங்கத்திற்கு வருவதும் பேரேட்டையும் சரக்கிருப்பையும் பார்ப்பதற்கேயன்றி, அங்கத்தினரின் அடுக்களையைப் பார்ப்பதற்கன்று.

ஆயினும், கணக்கு முடிந்தபின் ஒரு குவளை மோருக்காக அங்கத்தினர் வீட்டுத் திண்ணையில் அமரும்போது கண்ணை மூடிக்கொள்ள இயலாது. சங்கத்தில் நகைக்கடன் பெட்டகத்திற்குச் சாவிகள் இரண்டு. இருவர் கூடினாலன்றிப் பெட்டகம் திறவாது. கிடங்கில் தீயணைப்புக் கருவி உண்டு, மணல் நிரப்பிய வாளி உண்டு, சரக்குக்குக் காப்பீடும் உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாம் குறிப்பெழுதுவோம். சங்கத்தார் பதில் சொல்லியாக வேண்டும். அதே சங்கத்தின் அங்கத்தினர் வீட்டில், பெட்டகத்திலுள்ள நகைகளையெல்லாம்விட விலையுயர்ந்த இரண்டு குழந்தைகள், பூட்டில்லாத நஞ்சுப் புட்டிக்கு எட்டும் தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. இந்த முரண்பாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நஞ்சைப் பற்றியே முதலில் பேசவேண்டும். பூச்சிமருந்து என்று நாம் சொல்வதில் ‘மருந்து’ என்ற சொல்லே ஓர் ஏமாற்று. மருந்து என்றதும் மனம் அச்சத்தை விட்டுவிடுகிறது. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் உணவுப் பொருள்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன. நஞ்சு கசிந்து மாவில் கலந்தது. அந்த மாவினால் செய்த பண்டங்களை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் எழுந்த விசாரணைகளின் விளைவாகவே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2013 ஜூலை 16 அன்று, பீகார் மாநிலத்தின் சாப்ரா அருகே ஒரு தொடக்கப்பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டதே அதற்குக் காரணமாயிற்று. கப்பலில் நேர்ந்தது பள்ளியில் நேர்ந்தது; பள்ளியில் நேர்ந்தது நாளை ஒரு வீட்டில் நேராது என்பதற்கு என்ன உறுதி? நல்ல பிளாஸ்டிக் கலத்தை எறிய மனம் வருவதில்லை. கழுவினால் போயிற்று என்று எண்ணுகிறோம். போவதில்லை. காலிக் கலத்தை மும்முறை அலசி, அலசிய நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கலத்தில் துளையிட்டு ஒருவருக்கும் பயன்படாதபடி செய்துவிடவேண்டும்.

இதற்கு மறுதலையான பழக்கம் இன்னும் கொடியது. கடையில் ஒரு லிட்டர் புட்டி வாங்கிய இருவர் அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பங்கு போவது குளிர்பானப் புட்டியில். விடுமுறைக்கு வந்த பேரன் தாகத்தில் எதைத் தேடுவான்? நஞ்சு அதன் சொந்தப் புட்டியிலேயே, அதன் சீட்டுடனேயே இருத்தல் வேண்டும். அச்சீட்டில் சாய்சதுர வடிவில் ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறமே நஞ்சின் கடுமையைச் சொல்வது: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. எழுத்தறியாத மூதாட்டியும் அறிந்துகொள்வதற்காகவே நிறத்தில் வைத்தார்கள். விபத்து நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பதும் அந்தச் சீட்டையே. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது நம் ஊர்களில் உடனே கையாளும் வைத்தியம். அது கூடாது. பல பூச்சிக்கொல்லிகள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பானில் கலந்தவை. வாந்தியில் மேலேறும்போது நுரையீரலுக்குள் சென்று இரட்டைக் கேடு செய்யும். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, 108 வண்டியை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைவதே வைத்தியம்.

ஒரு தகரப் பெட்டியும் ஒரு பூட்டும் எவ்வளவு விலை ஆகும்? வயற்காட்டு மோட்டார்க் கொட்டகையில் அதை வைத்துப் பூட்டிச் சாவியைக் குடும்பத் தலைவர் இடுப்பில் செருகிக்கொண்டால், குழந்தையின் கை மட்டுமன்று, மனம் நொந்து நிதானமிழந்த பெரியவர் கையும் அதை எட்டாது. அந்த ஒரு நாழிகை கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் உயிர்கள் எத்தனையோ உண்டு. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில் தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன என்பது உலகறிந்த செய்தி. மருந்தடித்த சட்டையைத் துவைப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியாரே என்பதையும் இங்குச் சொல்லிவிடுகிறோம். வீட்டுத் துணிகளுடன் அதைக் கலந்து ஊறப்போட்டால், வயலுக்கே போகாதவர் உடம்பிலும் நஞ்சு ஏறும்.

நெல்லுக்கு இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றி ஒரு சொல். ஈரக்காற்றுப் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு வெளிப்படும். மனிதர் உறங்கும் வீட்டிற்குள் அதற்கு இடமே இல்லை. அதைக் கையாள அதிகாரம் பெற்றவர்களுக்கு மாத்திரமே விற்கவேண்டும் என்பது விதி. 2024 நவம்பரில் சென்னைக்கருகில் குன்றத்தூரில், எலிக்காக வைத்த நஞ்சு வீட்டிற்குள் பரவி இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியைப் படித்திருப்பீர்கள். விதைநெல் இரண்டு மூட்டைதானே என்று பரணில் மாத்திரை போடுகிறவர்கள் அதை நினைவிற்கொள்ளவேண்டும். நன்றாக உலர்த்திய நெல்லும், காய்ந்த வேப்பிலையும், எலி நுழையாத குதிரும் போதுமானவை.

எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். தை அறுவடை முடிந்து நெல் வீட்டிற்கு வரும் காலமும், ஐப்பசி, கார்த்திகையில் வளைகளில் நீர் புகும் காலமும் இதற்குரியவை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். இவற்றுள் கட்டுவிரியன் வீட்டிற்குள் வந்து கடிப்பது; அதுவும் இரவில், தரையில் பாய் விரித்து உறங்குபவரை. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகமிராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், இமை தொங்கும், பேச்சுக் குழறும். ஏதோ அஜீரணம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். பாய்க்கடியில் நாற்புறமும் செருகிய கொசுவலை ஒன்று கட்டுவிரியனையும் தடுக்கும், டெங்குக் கொசுவையும் தடுக்கும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. ஆதலால் பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

குழித்தறி உள்ள வீடுகளுக்குத் தனியே ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. தறிக்குழி இருளும் குளிர்ச்சியும் உடையது. பாம்புக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. காலையில் எழுந்து, மிதிபலகையில் காலை வைக்குமுன் கைவிளக்கை அடித்துக் குழியைப் பார்த்துவிடவேண்டும். இரவில் வேலை நின்றதும் ஒரு பலகையால் குழியை மூடிவைத்தால் பாம்பும் இறங்காது, தவழும் குழந்தையும் விழாது. பலகை செய்யத் தச்சருக்கு அரைநாள் வேலைகூட இல்லை.

கடித்துவிட்டால்? கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர், கத்தியால் கீறாதீர், வாயால் உறிஞ்சாதீர், மந்திரிப்பவரிடம் சென்று நேரத்தைப் போக்காதீர். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல மட்டை வைத்து அசையாமற் கட்டி, அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லவேண்டும். நச்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பது கூட்டுறவாளர் அனைவரும் பெருமையோடு அறியவேண்டிய வரலாறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்றது. பாம்பு பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த இருளர்கள் பிழைப்பின்றித் தவித்தனர். 1978-இல் அவர்கள் ஒரு தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தில், உரிமத்துடன் பாம்பைப் பிடித்து, நஞ்சைக் கறந்து, பாம்பை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. நாட்டின் தேவையில் பெரும்பங்கு நஞ்சு அங்கிருந்தே சென்றது. 2023-இல் அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் தங்களுக்குள்ள வசதிகளைக் கூறுமுன், ஒரு கம்பியும் ஒரு சாக்குப் பையும் கொண்டு தொடங்கிய அந்தச் சங்கத்தை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, மழைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் தாழ்ந்த தெருக்களில் தறிக்குழிக்குள் நீர் ஊறும், வேலை நிற்கும், கூலி நிற்கும். அந்த வருவாய் இழப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் இவ்விதழ் முழுவதும் போதாது. உயிருக்குள்ள ஆபத்தை மட்டும் சொல்கிறோம். ஈரமண்ணில் கால் பதித்துக் குழிக்குள் அமர்ந்திருக்கும் நெசவாளரின் தலைக்குமேல் விளக்கு, பக்கத்தில் மின்விசிறி, சில வீடுகளில் ஜக்கார்டு இயந்திரத்திற்கு மோட்டார். கம்பியின் தோல் ஓரிடத்தில் உரிந்திருந்தால் மின்சாரம் நிலத்திற்கு இறங்கும் வழி அவருடைய உடம்புதான். இதற்கு ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் சாதனம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டிற்குரியது 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சாதாரண ஃபியூஸ் கம்பி அப்படியன்று. மனித உயிரைப் பறிக்கப் போதுமான மின்சாரம் ஃபியூஸ் கம்பியைச் சூடாக்கக்கூடப் போதாது. ஆர்.சி.டி.யில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். மின்வாரியம் கைத்தறி நெசவாளருக்கு அளிக்கும் இலவச யூனிட்டுகளால் மிச்சமாகும் பணத்தில் முதற்செலவு இதுவாக இருக்கட்டும் என்பது நமது கருத்து.

ஈரக்காற்றில் பாவு நமுத்துப்போனால், கரியடுப்பைத் தறிக்கடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை கனக்கும், உறக்கம் வரும்; உறங்கியவர் எழமாட்டார். பாவு காய்வதற்குக் காற்றோட்டமே நல்லது. அடுப்பு வைத்துத்தான் ஆகவேண்டுமெனில் சன்னல் திறந்திருக்கட்டும், அந்த அறையில் எவரும் படுக்கவேண்டா.

புயலுக்கென்று தனி ஆயத்தம் வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய தானே புயலும், 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலும் கூரைகளையும் தென்னைகளையும் வீழ்த்தியதோடு நிற்கவில்லை. குடும்ப அட்டை, பட்டா, சங்கப் பங்குச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் நனைந்து கூழாயின. அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தகரப் பெட்டியில் வைத்து, பெட்டி எங்கே என்பதை வீட்டில் இருவராவது அறிந்திருக்கவேண்டும். புயல் ஓய்ந்த மறுநாள்தான் அறுந்து கிடக்கும் மின்கம்பிகள் ஆளைக் கொல்லும். தண்ணீரில் கிடக்கும் கம்பியைக் கண்டால் அணுகாமல் மின்வாரியத்திற்குச் சொல்லியனுப்புக. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பங்குனி பிறந்துவிட்டால் தீயின் காலம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. சாப்ராவின் அதே ஜூலை 16. இரண்டும் அடுப்படியிலிருந்தே வந்தவை. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. நம் வீட்டுத் தாழ்வாரத்துக் கீற்றை அகற்ற யாரும் ஆணையிடப் போவதில்லை. அடுப்பையாவது அதனடியிலிருந்து நகர்த்தலாம். எரிவாயு உருளை வைத்திருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும், தறிக்குழியிலும் இறங்கி நிற்கும். மணம் வந்தால் விளக்குப் பொத்தானைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்து வெளியேறி, 1906 என்ற எண்ணிற்குத் தெரிவிக்கவேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டிற்கொருமுறையாவது மாற்றவேண்டும்; நூல் அறுந்தால் உடனே முடிச்சுப் போடும் நெசவாளர், இந்தக் குழாயில் வெடிப்பு விழுந்தும் துணி சுற்றி வைப்பது நமக்கு விளங்காத புதிர்.

வீட்டிலேயே நூலுக்குச் சாயம் தோய்ப்பவர்களிடம் இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். ஒழுகும் கூரையின்கீழ் அதன் டப்பாவைத் திறந்துவைப்பது கொள்ளியைச் செருகிவைப்பதற்கு நிகர். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டுமேயன்றி, அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணில் பட்டால் மருத்துவமனைக்குப் புறப்படுமுன்னரே, நல்ல தண்ணீரால் விடாமல் இருபது நிமிடமேனும் கழுவவேண்டும்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்பதைப் பாட்டனார் காலத்திலேயே அறிந்திருந்தோம். ஆழ்துளைக் கிணறு வந்தபின் அந்த அறிவு எங்கோ போய்விட்டது. 2019 அக்டோபர் 25-இல் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயனற்றுக் கிடந்த துளையில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிருடன் மீட்க இயலவில்லை. நீரற்ற துளையை மண்ணும் கல்லும் இட்டு மேல்மட்டம் வரை நிரப்பிவிடுக. நீருள்ளதற்கு இரும்பு மூடியிட்டுத் திருகிவிடுக. காட்டுப்பன்றிக்கு என்று வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோரும் இருக்கிறார்கள். அது குற்றம், இரவில் நீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயற்காரரும் அவ்வேலியைத் தொடுவார்.

இவ்வளவையும் குடும்பம் ஒன்று தனியே செய்ய இயலாது என்பார்க்குச் சங்கம் இருக்கிறது. ஆர்.சி.டி.யையும் பூட்டுள்ள மருந்துப் பெட்டியையும் தொகையாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும், தவணையிலும் கொடுக்கலாம். மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இலாபப் பங்கீட்டிற்குப் பின் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்; அதற்குமுன் அரைமணி நேரம் தீயணைப்பு நிலையத்தாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையும் பேசச் சொல்லலாம். இதற்குத் துணைவிதியில் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

காத்தும் மீறி ஒன்று நேர்ந்துவிட்டால் எஞ்சியவர்களுக்கு ஊன்றுகோல் வேண்டும். பிரதம மந்திரியின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துச் சாவுக்கு 2 இலட்சம் ரூபாய்க் காப்பு. ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாயில் எக்காரணத்தால் இறந்தாலும் 2 இலட்சம். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும். மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை இல்லாவிடில் காப்பு அற்றுப்போகும். இருபது ரூபாய் இல்லாமையால் இரண்டு இலட்சத்தை இழந்த குடும்பத்தார் சங்கப் படியேறி வந்து நிற்பதைக் காண்பது வேதனை. நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தோர் தம் கணக்கில் மாதந்தோறும் வரவாகிறதா என்று செயலாளரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும், கேட்பது உரிமை.

உறுப்பினர் பதிவேட்டில் ‘நியமனதாரர்’ என்றொரு பத்தி உண்டு. எத்தனையோ சங்கங்களில் அப்பத்தி வெறுமையாகக் கிடப்பதையும், வேறு சிலவற்றில் காலமாகிப் பல்லாண்டுகள் ஆன தாயாரின் பெயரே இன்னும் நிற்பதையும் நாம் கண்டு வருகிறோம். மனைவி இருக்கிறார், வளர்ந்த மகள் இருக்கிறாள். ஆனால் புத்தகத்தில் அவர்கள் இல்லை. பெயரை மாற்றுவதற்கு ஒரு படிவமும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்துமே தேவை. படிவம் சங்க அலுவலகத்திலேயே கிடைக்கும். அடுத்த முறை கூலி வாங்கவோ உரம் வாங்கவோ செல்லும்போது கேட்டு வாங்கி அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடலாம்.